இரண்டு காலியாக்களுக்கு நடுவே: ஓர் ஆய்வுத்துணைச் சேவையின் மதிப்பீடு

கட்டணம் பெற்றுக்கொண்டு பழைய ஆவணங்களைத் தேடி எடுத்துத் தருவதையும், எழுதப்போகும் கட்டுரையின் தகவல்களுக்கு ஆதாரம் காட்டுவதையும் தொழிலாகச் செய்யும் சிறு நிறுவனங்கள் இப்போது சில இருக்கின்றன. அவற்றுள் ஒன்றிடம் சென்ற ஆண்டு ஒரு வேலையை ஒப்படைத்தேன். ஆண்டு மலர் ஒன்றுக்காகத் தூத்துக்குடி சுதேசிக் கப்பல் கம்பெனியின் இரண்டு கப்பல்களைப் பற்றி நீண்ட கட்டுரை எழுத வேண்டியிருந்தது. வ.உ.சிதம்பரம் பிள்ளையின் வாழ்க்கையைப் பற்றி எழுதுவோர் பலர் இருக்கிறார்கள். எனக்கு வேண்டியிருந்தது கப்பல்களின் வரலாறு. அவற்றின் பெயர் என்ன, அவை எங்கிருந்து வந்தன, எத்தனை பேரை ஏற்றின, கடைசியில் என்ன ஆயின என்பவற்றுக்கு ஒவ்வொரு வரிக்கும் ஆதாரம் வேண்டும் என்று மலரின் ஆசிரியர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் வாரக்கணக்கில் உட்கார உடல்நிலை இடம் தராத எனக்கு, இப்படியொரு சேவை கிடைத்ததே பெரிது என்றுதான் முதலில் தோன்றியது. 9,000 ரூபாய் கட்டணம், பாதி முன்பணம், இருபது நாள் கெடு, இலவசமாக ஒரு திருத்தம் என்று ஏற்பாடு. நிறுவனத்தின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. கீழே சொல்லப்போகும் குறைகள் அவர்களுக்கு மட்டும் உரியவை அல்ல என்பதும், அவர்களிடம் வேலை செய்யும் இளைஞர்கள் மரியாதையும் உழைப்பும் உள்ளவர்கள் என்பதும் அதற்குக் காரணம்.

இருபத்தாறாம் நாள் 58 பக்கக் கோப்பு ஒன்று மின்னஞ்சலில் வந்தது. ஆறு நாள் தாமதத்தை நான் பெரிதுபடுத்தவில்லை. கோப்பின் முதல் பகுதி நன்றாகவே இருந்தது. சென்னை மாகாண அரசு தன் அதிகாரிகளுக்காக அச்சிட்டு வந்த, இந்திய மொழிப் பத்திரிகைகள் பற்றிய வார அறிக்கைகளிலிருந்து 1906 முதல் 1908 வரையிலான பக்கங்களைத் தெளிவாக ஸ்கேன் செய்து, தேதி வரிசைப்படுத்தி, எந்தப் பத்திரிகை எந்த நாளில் எழுதியது என்பதை ஓரத்தில் குறித்திருந்தார்கள். அந்தக் காலத்துத் தமிழ் இதழ்கள் பலவற்றின் மூலப் பிரதிகள் இன்று முழுமையாகக் கிடைப்பதில்லை. அரசாங்கம் சந்தேகக் கண்ணோடு மொழிபெயர்த்து வைத்த ஆங்கிலச் சுருக்கம்தான் பல சமயங்களில் மிஞ்சியிருக்கிறது. தனியாளாக இந்தப் பக்கங்களைத் தேடியிருந்தால் எனக்கு மூன்று மாதம் ஆகியிருக்கும். இந்த ஒரு பகுதிக்காகவே கட்டணத்தில் பாதியை மனமாரக் கொடுக்கலாம்.

கம்பெனி பற்றிய அடிப்படைத் தகவல்களும் ஒழுங்காக இருந்தன. 1906 அக்டோபர் 16 அன்று பதிவு, மூலதனம் 10 லட்சம் ரூபாய், பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள், ஹாஜி முகமது பக்கீர் சேட் 2 லட்சம் ரூபாய்க்கு வாங்கிய 8,000 பங்குகள் என்று எல்லாவற்றையும் பெருக்கிப் பார்த்தேன், கணக்கு ஒத்துவருகிறது. தன்னைத்தானே சரிபார்த்துக்கொள்ள இடம் தரும் இத்தகைய எண்கள் எழுதுகிறவனுக்குக் கிடைத்த பேறு. தலைவர் பாண்டித்துரைத் தேவர் என்பதையும், வ.உ.சி. வகித்தது உதவிச் செயலாளர் பதவி என்பதையும் கோப்பு விட்டுவிடவில்லை. அவரைக் கம்பெனியின் உரிமையாளர் என்று எழுதும் பழக்கம் பரவியிருக்கும் நிலையில் இதைப் பாராட்ட வேண்டும். அது பங்குதாரர்களின் கம்பெனி. அவர் அதன் உயிர். இரண்டும் வேறு வேறு செய்திகள்.

சிக்கல் கப்பல்களின் பெயரில் தொடங்கியது. முதல் கப்பலின் பெயர் அந்தக் கோப்பில் மட்டும் நான்கு விதமாக இருந்தது: காலியா, கேலியா, கலியா, காலியோ. இரண்டாவது கப்பல் லாவோ என்றும் லாவா என்றும் இடத்துக்கு இடம் மாறியது. எந்த வடிவம் எந்த ஆதாரத்திலிருந்து வந்தது என்ற குறிப்பு ஒரு பக்கத்திலும் இல்லை. தொகுத்தவர் எங்கே எதைப் பார்த்தாரோ அங்கே அதை அப்படியே ஒட்டியிருக்கிறார். பெயரை ஒரே வடிவில் எழுதுங்கள் என்று நான் குறை சொல்லவில்லை. பல வடிவங்கள் இருப்பதுதான் உண்மை. ஆனால் எந்த வடிவம் எந்த ஆண்டில், எந்த அச்சகத்தில், எந்த மொழி வழியாகப் பிறந்தது என்பதைப் பிரித்துக் காட்டுவதுதானே ஆதாரம் தேடுகிறவரின் வேலை?

இந்த இடத்தில் தமிழ் எழுத்தின் இயல்பையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஆங்கிலத்தில் அந்தப் பெயர் ஜி என்ற எழுத்தில் தொடங்குகிறது. பிரான்சு நாட்டுக்குரிய பழைய லத்தீன் பெயர் அது. தமிழில் ககரம் ஒன்றே இருப்பதால், 'காலியா' என்று மட்டும் அச்சிட்டால் அதன் மூல ஒலி என்ன என்பது வாசகருக்குத் தெரியாது. அதற்கும் மேலே, நம் பேச்சில் அது 'இடம் காலியா' என்ற கேள்வியாக ஒலிக்கிறது. 'கேலியா' என்றாலோ பரிகாசம் செய்கிறோமா என்ற கேள்வி வந்து நிற்கிறது. வெள்ளைக்காரக் கம்பெனியோடு போட்டியிட்டு மூட்டை மூட்டையாகப் பங்கு விற்று வாங்கிய கப்பலுக்கு இந்த இரண்டில் எந்தப் பெயரைச் சூட்டினாலும் எதிர்க் கம்பெனியின் ஏஜெண்டு மகிழ்ந்திருப்பார். 'காலியோ' என்ற வடிவம் எப்படி வந்தது என்று யோசித்தபோது எனக்கு ஒரு காரணம் தோன்றியது. பக்கத்திலேயே 'லாவோ' இருப்பதால், இரண்டையும் சேர்த்துச் சொல்லும் நாக்கு இயைபுத் தொடை தேடியிருக்கிறது. காலியோ, லாவோ என்று சொன்னால் செய்யுள் போல ஓடுகிறது. மேடைப்பேச்சில் பிறந்து பள்ளிக் கட்டுரைகளில் வளர்ந்த வடிவமாக அது இருக்க வேண்டும் என்பது என் ஊகம். ஊகம் என்று சொல்லியே கட்டுரையிலும் எழுதினேன்.

லாவோ இன்னும் சுவையானது. ஆங்கில நூல்களில் அந்தப் பெயர் எல், ஏ, டபிள்யூ, ஓ, இ என்ற ஐந்து எழுத்துகளால் எழுதப்படுகிறது. கடைசி இரண்டு எழுத்துகளும் சேர்ந்து வருவது டச்சு எழுத்துக்கூட்டலை நினைவூட்டுகிறது. டச்சில் அவை இரண்டும் சேர்ந்து 'ஊ' என்று ஒலிக்கும். ஜாவாத் தீவின் நடுப்பகுதிக்கும் கிழக்குப் பகுதிக்கும் எல்லையில் நிற்கும் லாவூ என்ற எரிமலையின் பெயரை டச்சுக்காரர்கள் இதே ஐந்து எழுத்துகளால்தான் எழுதினார்கள்; 1947-இல் இந்தோனேசியா எழுத்துக்கூட்டலைச் சீர்திருத்தியபோதுதான் அந்த இரட்டை எழுத்து மறைந்து ஒற்றை எழுத்தானது. அப்படியானால், பிரான்சிலிருந்து வாங்கப்பட்டதாகச் சொல்லப்படும் கப்பலுக்கு ஜாவா மலையின் பெயரும், அதற்கு டச்சு எழுத்தும், அதை ஆங்கில வழியில் படித்த தமிழ் உச்சரிப்பும் அமைந்திருக்கின்றன. கைமாறும் கப்பல்கள் பழைய பெயரைச் சுமந்துகொண்டே போவது கடல் வணிகத்தில் புதிது அன்று. எனினும் கோப்பைத் தயாரித்தவர்களில் ஒருவரும் இந்த எழுத்துக்கூட்டலைக் கண்டு நின்று யோசிக்கவில்லை. மரபிலக்கணம் லகரத்தை மொழிக்கு முதலாக ஏற்பதில்லை. ஆகவே பழைய புலவர் ஒருவர் 'இலாவோ' என்று எழுதினாலும் அது வேறு கப்பல் ஆகிவிடாது. தேடுபொறியில் ஒரே வடிவத்தைத் தட்டிவிட்டு, ஒன்றும் கிடைக்கவில்லை என்று முடிவுகட்டும் ஆபத்து இதனால்தான் அதிகம். 'இ' சேர்த்த வடிவத்தில் தேடினீர்களா என்று நிறுவனத்தின் சார்பில் என்னோடு பேசிவந்த தொடர்பாளரிடம் கேட்டேன். "அப்படியும் எழுதுவார்களா ஐயா?" என்று அவர் உண்மையான வியப்போடு கேட்டபோது எனக்குக் கோபம் வரவில்லை.

கோபம் வந்தது முப்பத்தொன்றாம் பக்கத்தில். அங்கே கப்பலின் விவரம் என்ற தலைப்பில், ஒற்றைப் புகைபோக்கியும் மூன்று பாய்மரங்களும் உள்ள நேர்த்தியான நீராவிக் கப்பல் ஒன்றின் படம், நீளம், எடை எல்லாம் தரப்பட்டிருந்தன. படித்த சில நிமிடங்களிலேயே இது வேறு கப்பல் என்பது தெரிந்துவிட்டது. அது குனார்டு என்ற பிரிட்டிஷ் கப்பல் கம்பெனியின் காலியா. 1879-இல் அட்லாண்டிக் கடலில் பயணிகளை ஏற்றத் தொடங்கி, 1899-இல் கனடாவின் செயின்ட் லாரன்ஸ் ஆற்றில் சோரெல் என்ற இடத்துக்கு அருகே தரைதட்டி, அத்தோடு வாழ்வு முடிந்த கப்பல். 1899-இல் தரைதட்டி உடைப்புக்குப் போன கப்பல் 1907-இல் தூத்துக்குடிக்கு எப்படி வரும்? இதைச் சுட்டிக்காட்டித் திருத்தம் கேட்டேன். பத்து நாள் கழித்து வந்த திருத்தத்தில் படம் மாறியிருந்தது. இம்முறை பிரான்சு நாட்டுக் காலியா! பிரான்சிலிருந்து வாங்கியது என்ற குறிப்பைப் பார்த்து அதைத் தேர்ந்திருக்கிறார்கள். ஆனால் அந்தக் கப்பல் 1913-இல்தான் கடலில் இறக்கப்பட்டது. முதல் உலகப் போரில் படைவீரர்களை ஏற்றிச் சென்றபோது, 1916 அக்டோபர் 4 அன்று மத்தியதரைக் கடலில் ஜெர்மானிய நீர்மூழ்கியால் மூழ்கடிக்கப்பட்டது. வ.உ.சி. கைதானது 1908 மார்ச் 12 அன்று. அவர் 1912 டிசம்பரில் விடுதலையாகி வெளியே வந்தபோதுகூட அந்தக் கப்பல் பிறந்திருக்கவில்லை. ஒன்று முன்னே செத்த கப்பல், மற்றொன்று பின்னே பிறந்த கப்பல். இரண்டுக்கும் நடுவே நம் காலியா நிற்கிறது. அதற்கு மட்டும் படம் இல்லை.

ஒரே பெயரில் பல கப்பல்கள் இருப்பது கப்பல் வரலாற்றில் அன்றாடச் செய்தி என்பதால், பெயரை மட்டும் வைத்து ஒரு கப்பலை அடையாளம் காணக் கூடாது என்பது இத்துறையில் முதல் பாடம். அதற்கான கருவிகள் 19-ஆம் நூற்றாண்டிலேயே உருவாகிவிட்டன. பிரிட்டனின் 1854-ஆம் ஆண்டு வணிகக் கப்பல் சட்டத்தின்படி, பிரிட்டிஷ் கொடியின்கீழ்ப் பதிவான ஒவ்வொரு கப்பலுக்கும் தனி எண் ஒன்று தரப்பட்டு, கப்பலின் முதன்மை உத்தரத்தில் செதுக்கப்பட்டது. பெயர் மாறினாலும் உரிமையாளர் மாறினாலும் அந்த எண் மாறாது. லாயிட்ஸ் பதிவேடு ஆண்டுதோறும் அச்சாகி வந்தது; 1890 முதல் 100 டன்னுக்கு மேற்பட்ட எல்லா நாட்டுக் கடல் வணிகக் கப்பல்களையும் அது சேர்த்துக்கொண்டது. கட்டிய ஆண்டு, கட்டிய ஊர், டன் அளவு, உரிமையாளர், பதிவுத் துறைமுகம், முந்தைய பெயர் என்று எல்லாம் ஒரே வரியில் கிடைக்கும். 1906, 1907, 1908 ஆகிய மூன்று ஆண்டுப் பதிவேடுகளையும் திறந்து, காலியா என்ற பெயருள்ள கப்பல்களை எல்லாம் வரிசைப்படுத்தி, உரிமையாளர் பத்தியில் மாற்றம் நிகழ்ந்திருக்கிறதா என்று பார்த்திருந்தால் குழப்பத்தின் பெரும்பகுதி தீர்ந்திருக்கும். இந்தத் தொகுதிகள் ஸ்கேன் செய்யப்பட்டு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. நான் கேட்ட வேலையின் மையமே இதுதான். ஆனால் வெளிநாட்டுப் பதிவேடுகளைப் பார்ப்பது தனித் தொகுப்பு என்றும், அதற்கு 4,000 ரூபாய் கூடுதலாகும் என்றும் இரண்டாம் திருத்தத்துக்குப் பிறகு சொன்னார்கள். இதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும்.

எண்களைப் பற்றிய தகராறு வேறு வகை. ஒவ்வொரு கப்பலிலும் முதல் வகுப்பில் 42 பேர், இரண்டாம் வகுப்பில் 24 பேர், சாதாரண வகுப்பில் 1,300 பேர், அவற்றோடு 4,000 மூட்டைச் சரக்கு என்ற கணக்கு எல்லா இடங்களிலும் காணப்படுகிறது. கோப்பும் அதைத் தந்து, அடியில் பதினொரு ஆதாரங்களை அடுக்கியிருந்தது. பதினொன்றையும் ஒவ்வொன்றாகப் பிரித்துப் படித்தேன். ஒன்று மற்றொன்றைப் பார்த்து எழுதியது; வாக்கியத்தின் அமைப்பே மாறவில்லை. ஒரு நூலில் நேர்ந்த அச்சுப்பிழைகூட இரண்டு கட்டுரைகளில் அப்படியே இருந்தது. இவை பதினொரு சாட்சிகள் அல்ல. ஒரே சாட்சி சொன்னதைப் பதினொரு பேர் திருப்பிச் சொல்கிறார்கள். தொடர்பாளரிடம் இதைச் சொன்னபோது அவர், "இத்தனை பேர் எழுதியிருக்கிறார்களே ஐயா, எல்லாருமா தவறாக எழுதுவார்கள்?" என்றார். தவறு என்று நான் சொல்லவில்லை. வேறு வேறு பெயர் தாங்கி வந்த இரண்டு கப்பல்களுக்கு முதல் வகுப்பு இருக்கை முதல் மூட்டைக் கணக்கு வரை ஒரே எண்கள் அமையுமா என்றுதான் கேட்டேன். இரண்டு கப்பல்களின் விவரமும் ஒரு விளம்பர அறிக்கையில் சேர்த்துச் சொல்லப்பட்டு, பின்னால் எழுதியவர்கள் 'ஒவ்வொன்றிலும்' என்று படித்துக்கொண்டிருக்கவும் கூடும். மேலும், மூட்டை என்பது கப்பலின் அளவு ஆகாது. பதிவேட்டு டன் என்பதே எடையைக் குறிப்பதில்லை; அது கொள்ளளவு, 100 கன அடிக்கு ஒரு டன். அரிசி மூட்டையா, பஞ்சு மூட்டையா என்று தெரியாமல் 4,000 என்ற எண்ணை வைத்துக்கொண்டு கப்பலின் பருமனை மதிப்பிட முடியாது. என் கட்டுரையில் இந்த எண்களை 'வழிவழியாகச் சொல்லப்படும் கணக்கு' என்ற அடைமொழியோடு ஒரே ஒரு முறை குறித்தேன்.

கட்டணப் போட்டி பற்றிய பக்கம் இதைவிடச் சிரிப்பை வரவழைத்தது. சுதேசிக் கம்பெனியின் போட்டியாளரான பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனி பயணக் கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது, சுதேசிக் கம்பெனி அதற்குப் பாதியாக எட்டணா என்றது, உடனே எதிராளி இலவசப் பயணமும் கையில் ஒரு குடையும் தருவதாக அறிவித்தார் என்பது நாம் எல்லாரும் சிறுவயதில் கேட்ட கதை. கோப்பில் எட்டணா 50 பைசா ஆகியிருந்தது. ரூபாய்க்கு 100 பைசா என்ற தசம நாணய முறை 1957 ஏப்ரல் 1 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் ஓர் அணாவுக்கு நான்கு காலணா, ரூபாய்க்கு அறுபத்து நான்கு. அந்தக் காலணாவைப் பைசா என்று கொண்டால் 50 பைசா என்பது பன்னிரண்டரை அணா. அரை ரூபாய் என்று சொல்லப் புகுந்து முக்கால் ரூபாய்க்கும் மேலே போய்விடுகிறோம். ஒரு சொல்லைப் புதுக்கி எழுதுவது வாசகருக்கு உதவி என்று நினைக்கிறார்கள். ஆனால் எந்தக் கட்டுரையில் 50 பைசா வருகிறதோ அது 1957-க்குப் பிறகு எழுதப்பட்டது என்பதை அந்தச் சொல்லே காட்டிக்கொடுக்கிறது. ஆதாரங்களின் வயதை அறிய இதைவிட எளிய அடையாளம் கிடையாது. தகவல் சரிபார்ப்பையே தொழிலாகக் கொண்டவர்கள் இதைக் கோட்டைவிட்டிருக்கக் கூடாது. குடைக் கதையை நான் விடவில்லை. அதைச் செவிவழிச் செய்தி என்று குறித்துச் சேர்த்தேன். நல்ல கதைக்கு அந்த மரியாதை போதும்.

'இந்தியாவின் முதல் சுதேசிக் கப்பல்' என்ற தொடரையும் கோப்பு தயங்காமல் பயன்படுத்தியிருந்தது. ரவீந்திரநாத் தாகூரின் அண்ணன் ஜோதிரிந்திரநாத் 1884-இல் வங்காளத்தின் குல்னாவுக்கும் பாரிசாலுக்கும் இடையே நீராவிப் படகுகள் விட்டு, ஆங்கிலேயக் கம்பெனியோடு கட்டணப் போட்டியிட்டுப் பெரும் நட்டமடைந்தார். அவருடைய படகுகளில் ஒன்றின் பெயரே 'சுதேசி'. அவை ஆற்றுப் படகுகள், இவை கடல் கப்பல்கள் என்று வேறுபடுத்தலாம்; ஆனால் அந்த வேறுபாட்டைச் சொல்லிவிட்டுத்தான் 'முதல்' என்ற சொல்லைத் தொட வேண்டும். இதற்கு நேர்மாறாக, 1919 ஏப்ரல் 5 அன்று பம்பாயிலிருந்து பிரிட்டனுக்குப் புறப்பட்ட, சிந்தியா என்ற இந்தியக் கப்பல் கம்பெனியின் லாயல்டி கப்பலின் நினைவாகவே நம் நாட்டில் தேசிய கடல்சார் நாள் கொண்டாடப்படுகிறது. அதற்குப் பன்னிரண்டு ஆண்டுக்கு முன்பே தூத்துக்குடியில் நடந்ததைக் கணக்கில் சேர்க்கவில்லையே என்ற மனக்குறை தமிழருக்கு உண்டு, எனக்கும் உண்டு. ஆனால் மனக்குறை ஆதாரம் ஆகாது. அந்த லாயல்டியும் முன்பு எம்பிரஸ் ஆஃப் இந்தியா என்ற வேறு பெயரில் ஓடிய கப்பல்தான். பிரிட்டிஷ் பதிவுக் கப்பல் தன் பெயரை மாற்ற வேண்டுமானால், 1894-ஆம் ஆண்டு வணிகக் கப்பல் சட்டப்படி, பிரிட்டிஷ் அரசுத் துறையான வர்த்தக வாரியத்தின் அனுமதி வேண்டியிருந்தது. தூத்துக்குடிக் கம்பெனியின் கப்பல்களோ வந்த பெயர்களிலேயே அறியப்பட்டன. சுதேசியம் பேசிய கம்பெனியின் கப்பல்களுக்கு ஒரு தமிழ்ப் பெயர்கூட இல்லை என்பது, யோசித்துப் பார்த்தால், வியப்பூட்டும் செய்தி. 'எஸ்.எஸ்.' என்ற முன்னொட்டைச் சுதேசி என்பதன் சுருக்கமாக நினைத்து யாரும் ஆறுதல் அடைய வேண்டாம். அது நீராவிக் கப்பலைக் குறிக்கும் ஆங்கில முதலெழுத்துகள்தான். கம்பெனிக்கு மட்டும் சுதேசி நாவாய்ச் சங்கம் என்ற அழகிய தமிழ்ப் பெயர் வழங்கியது. கோப்பு அதை ஓரிடத்தில்கூடச் சொல்லவில்லை.

படங்களைப் பற்றி இரண்டு வார்த்தை. இணைப்பில் இருந்த ஆறு படங்களில் ஒன்று 1961-இல் வெளிவந்த திரைப்படத்தின் காட்சி; அதன் கீழே '1907' என்று போட்டிருந்தார்கள். மற்றொன்றில் கப்பல் துறைமுகச் சுவரை ஒட்டி நிற்கிறது. அக்காலத் தூத்துக்குடியில் கடல் ஆழமில்லாததால் நீராவிக் கப்பல்கள் கரைக்குப் பல மைல் அப்பால் நங்கூரமிட்டு நிற்க, ஆட்களும் மூட்டைகளும் படகிலும் தோணியிலும் போய்ச் சேர்ந்தார்கள். கப்பல் சுவரை ஒட்டி நிற்கும் பெருந்துறைமுகம் 1970-களில் வந்தது. அந்தத் துறைமுகத்துக்கு 2011-இல் வ.உ.சிதம்பரனார் பெயர் சூட்டப்பட்டதால், பெயரும் படமும் சேர்ந்து காலத்தைக் கலைத்துவிட்டன.

கப்பல்களின் முடிவைப் பற்றிய பகுதியில்தான் ஓரளவு நிதானம் தெரிந்தது. கம்பெனி 1911-இல் கலைக்கப்பட்டது, கப்பல்கள் போட்டியாளர்களுக்கே ஏலத்தில் போயின என்ற செய்தியைத் தந்துவிட்டு, ஏல அறிவிப்போ விற்பனைப் பத்திரமோ இணைக்கப்படவில்லை என்று தாங்களாகவே குறித்திருந்தார்கள். அந்த ஒரு குறிப்பை எழுதியவர் யாரோ, அவரிடமே முழுக் கோப்பையும் ஒப்படைத்திருக்கலாம். வ.உ.சி. செய்யுளில் எழுதிய சுயசரிதையிலிருந்து எடுத்த வரிகளும் பிழையின்றி இருந்தன. ஆனால் அகவல் நடையில் எழுதுகிறவர் மோனைக்கும் சீருக்கும் கட்டுப்பட்டே ஊர்ப்பெயரையும் ஆட்பெயரையும் எண்ணையும் அமைக்கிறார் என்பதால், அதைக் கடிதத்துக்கோ கணக்குப் புத்தகத்துக்கோ நிகராக வைக்கலாமா என்ற கேள்வியைக் கோப்பு எழுப்பியிருக்க வேண்டும். அதேபோல, வார அறிக்கைகளின் ஆங்கிலச் சுருக்கத்தை மறுபடியும் தமிழாக்கி, அதை மேற்கோள் குறிக்குள் போட்டு, 1906-இல் தொடங்கிய பாரதியின் 'இந்தியா' இதழே அப்படி எழுதியதுபோலக் காட்டியது பெரிய பிழை. தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போய்த் திரும்பிய வாக்கியத்தில் பாரதியின் சொல் ஒன்றுகூட மிஞ்சியிருக்காது. மேற்கோள் குறியை எடுத்துவிட்டு, 'அரசாங்க மொழிபெயர்ப்பின்படி' என்று எழுதச் சொன்னேன், உடனே செய்தார்கள்.

மொத்தத்தில் ஐந்துக்கு மூன்று என்று மதிப்பெண் இடுகிறேன். ஸ்கேன் செய்த பக்கங்களுக்கும் தேதி ஒழுங்குக்கும் நான்கரை, தொடர்பாளரின் பொறுமைக்கு ஐந்து, பெயர்களைக் கையாண்ட விதத்துக்கு ஒன்று, பட இணைப்புக்குப் பூஜ்யம். ஆவணம் எங்கே இருக்கிறது என்பது தெரிந்து, அதை எடுத்துத் தர மட்டும் ஆள் தேவைப்படுகிறவர்கள் தயங்காமல் போகலாம். எந்த ஆதாரத்தை நம்புவது என்பதையும் அவர்களே முடிவு செய்து தருவார்கள் என்று எதிர்பார்ப்பவர்கள் ஏமாறுவார்கள். ஒப்பந்தத்துக்கு முன் மூன்றை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்: வெளிநாட்டுப் பதிவேடுகள் கட்டணத்தில் அடங்குமா, ஒவ்வொரு பெயர் வடிவத்துக்கும் தனி ஆதாரம் தருவார்களா, நகல் எடுத்து எழுதிய நூல்களை மூல ஆதாரத்திலிருந்து பிரித்துக் காட்டுவார்களா.

என் கட்டுரையில் 'காலியா' என்றே அச்சிட்டேன். முதல் முறை வரும் இடத்தில் மட்டும், ஆங்கில எழுத்துக்கூட்டலையும் தமிழில் வழங்கும் மற்ற மூன்று வடிவங்களையும் அடிக்குறிப்பில் சேர்த்தேன். 'லாவோ' என்பதை மாற்றவில்லை. நூறாண்டு வழக்கை ஓர் எரிமலையை நம்பிக் கலைக்க எனக்குத் துணிவில்லை. ஆனால் லாவூ மலையைப் பற்றி மூன்று வரி எழுதியிருந்தேன். மலரின் ஆசிரியர் இடம் போதவில்லை என்று அதை வெட்டிவிட்டு, அந்த இடத்தில் திரைப்படக் காட்சியைப் போட்டார். கீழே ஆண்டை மட்டும் 1961 என்று திருத்தச் சொல்லி மன்றாடினேன், அதை ஏற்றுக்கொண்டார்.